இடுக்கியும் கட்டளை வரியும்

கொச்சியின் சுள்ளிக்கலில் நான் வேலை பழகிய அச்சகத்தில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கென்று ஒரு முறை இருந்தது. மெய்ப்புப் பார்க்கும் மாஷ் புரூஃபில் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்த இடத்தைக் கம்பாசிட்டர், கோத்த எழுத்து நிற்கும் தட்டான காலியில் தேடிப் பிடிப்பார். அங்கே எழுத்துகள் இடம் வலம் மாறி நிற்கும். அவர் கண்ணுக்கு அதுதான் பழக்கம். கட்டியிருந்த நூலைத் தளர்த்துவார். இடுக்கியால் தப்பு எழுத்தைப் பிடுங்கிவிட்டு, எழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து சரியானதை எடுத்துச் செருகி, வரி இறுகி நிற்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். புது எழுத்து பழையதைவிட அகலமாக இருந்துவிட்டால் வரியின் இடைவெளிகளை எல்லாம் மெலிதாக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் கடைசிச் சொல்லை அடுத்த வரிக்குத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளல் பத்தி முடியும்வரை ஓடும்.

எண்பதுகளில் அது சின்ன அச்சகம். ஒரு ட்ரெடில் அச்சுப்பொறி, சுவரோரம் சாய்த்து நிறுத்திய கேஸ்கள், மண்ணெண்ணெய் வாடை. வேலைக்குக் குறைவில்லை. மட்டாஞ்சேரியில் பதினாறு மொழி பேசுகிறார்கள் என்று அன்றும் சொல்வார்கள், இன்றும் சொல்கிறார்கள். கொங்கணிக்காரர்களின் கோயில் நோட்டீஸ், குஜராத்தி வியாபாரிகளின் பில் புத்தகம், பள்ளிவாசல் அறிவிப்பு, தேவாலயத்தின் பெருநாள் நோட்டீஸ் எல்லாம் அந்தப் படி ஏறி வரும். எங்களைப் போல வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருவார்கள். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து பஜாரில் ஒரு பலசரக்குக் கடை வேலைக்கு வந்தவர். தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிந்த பையன் என்று என்னை அச்சகத்தில் கொண்டுபோய் விட்டார். தமிழ் கேஸ் என் பொறுப்பு. புரூஃப் நேரத்தில் கையெழுத்துப் பிரதியை மாஷுக்கு உரக்க வாசிப்பதும் என் பொறுப்புதான்.

மாஷ் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வரிக்குக் கீழே ஓர் அடிக்கோலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத்தான் நகர்வார். நான் வேகமாக வாசித்தால் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"மோனே, எழுத்தை வாசி. அர்த்தத்தை வாசிக்காதே. அர்த்தம் புரிஞ்சுபோனா கண்ணு தப்பைத் தாண்டிப் போயிடும்."

"சரி மாஷே," என்பேன். அந்தச் சொல் அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. இப்போது தினமும் அதைத்தான் செய்கிறேன்.

கேஸ்களில் ஒரு குழப்பமும் இருந்தது. கேரள அரசு 1971 ஏப்ரல் 15, விஷு நாளில், மலையாள எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவரை உகரமும் ஊகாரமும் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொண்டிருந்தன. கூட்டெழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. முழு மலையாள எழுத்துக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் வார்ப்புகள் வேண்டும் என்பார்கள். சீர்திருத்தம் உகரக் குறிகளைத் தனியே பிரித்து வைத்தது, கூட்டெழுத்துகளை உடைத்து நடுவே சந்திரக்கலை என்ற மெய்க்குறியைப் போட்டது. தட்டச்சுப் பொறியின் விசைகளுக்குள் மொழியை அடக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் வாங்கி வைத்த ஈயத்தை யார் தூக்கிப் போடுவார்கள்? எங்கள் கேஸ்களில் பழைய லிபியும் புதிய லிபியும் கலந்து கிடந்தன. ஒரே நோட்டீஸில் ஒரு வரியில் பழைய 'கு', அடுத்த வரியில் புதிய 'கு' என்று வரும். மாஷ் அதைச் சுழிப்பார். கம்பாசிட்டர் கேஸைக் காட்டிக் கையை விரிப்பார்.

தமிழ் கேஸிலும் அதே கதைதான். 1978 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. துதிக்கை போலக் கொம்பு சுழித்த பழைய லை, ளை, ணை, னையும் வளைந்து முடிந்த றா, ணா, னாவும் போய், மற்ற எழுத்துகளைப் போல ஐகாரக் கொம்பும் காலும் வந்தன. கொச்சியில் எங்களுக்கு அந்த ஆணை செல்லாது. ஆனால் சென்னையிலிருந்து வரும் எழுத்து வார்ப்புகள் மாறிக்கொண்டே வந்தன. பழைய லை தேய்ந்துபோனால் புதிய லைதான் வாங்கக் கிடைக்கும். அப்படி ஒவ்வொரு பெட்டியாக, ஈயம் தேயத் தேய, தமிழ் மாறியது. கொச்சிக்கும் தமிழ் ஈய எழுத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. அடுத்த ஆண்டு நவம்பரில் கிரிசித்தியாணி வணக்கம் இதே கொச்சியில் அச்சேறியது. நாங்கள் கோத்த ஊரில்தான் நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் யாரோ தமிழைக் கோத்திருக்கிறார்கள் என்று வாசித்த அன்று எனக்கு உண்டான பெருமை இன்னும் குறையவில்லை.

பல இடங்களில் ஒரே திருத்தத்தைச் செய்யும் வேலை அந்தக் காலத்திலும் வந்ததுண்டு. 1967 நவம்பர் 1ஆம் தேதி எறணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளைச் சேர்த்துக் கொச்சி மாநகராட்சி ஆக்கினார்கள். அன்றிலிருந்து மட்டாஞ்சேரி நகராட்சி என்ற பெயர் தாங்கிய எல்லாக் கடிதத் தலைப்பும் படிவமும் ரசீதும் மாற வேண்டியிருந்தது. எனக்கு முந்திய காலம் அது. கம்பாசிட்டர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நூல் சுற்றி அலமாரியில் வைத்திருந்த, கோத்து முடித்த பக்கங்களான ஃபாரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றிலும் இடுக்கி போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி புரூஃப் எடுத்தார்களாம். அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஒரு ஃபாரத்தில் விழுந்த தப்பு அடுத்த ஃபாரத்துக்குத் தாவாது. ஒவ்வொன்றும் ஒரு மனிதர் கையையும் இன்னொரு மனிதர் கண்ணையும் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும்.

தொண்ணூறுகளில் ஈயம் போய்க் கணினி வந்தது. பேஜ்மேக்கர், லேசர் பிரிண்டர், பிறகு ஆஃப்செட். மலையாளத்துக்கு சி-டாக்கின் எழுத்துருக்கள் வந்தன. கார்த்திகா, ரேவதி என்று நட்சத்திரப் பெயர்கள் அவற்றுக்கு. தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. இவை எல்லாவற்றிலும் ஒரு தந்திரம் இருந்தது. கணினி அறிந்தது ஆங்கில எழுத்தை மட்டும். அந்த எழுத்தின் முகத்தில் மலையாளத்தையோ தமிழையோ வரைந்து வைத்திருந்தார்கள். கார்த்திகாவில் 'மலையாளம்' என்று அடித்தால் கோப்புக்குள் உட்காருவது ஏ, ஈ, பி, எம், எஃப், டபிள்யூ என்ற ஆறு ஆங்கில எழுத்து. தமிழுக்கான பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்றால் ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் வரை திரையில் எல்லாம் அழகுதான். அது இல்லாத கணினியில் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலம்.

அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தாளில் சரியாக வந்தால் போதும் என்றுதான் இருந்தோம். அந்த ஆண்டுகளின் வேலை முழுதும், ஊர் நூலகங்களின் மலர்கள், சமுதாயச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள், கோயில் வரலாறுகள், யாரோ ஒருவர் தன் ஓய்வுக்காலத்தை எல்லாம் செலவழித்து எழுதிய குடும்பச் சரித்திரங்கள், எல்லாம் அந்தப் பொய் முகத்தோடுதான் சேமிக்கப்பட்டன. எல்லா மொழிக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு வேரூன்றிய பிறகு அவற்றைத் தேடவும் முடியவில்லை, மறுபடி பதிக்கவும் முடியவில்லை. நான் தனியாகத் தொழில் நடத்தத் தொடங்கிய பிறகு அந்தக் கோப்புகளை மாற்றித் தருவதே வேலையில் பெரும்பகுதியாகிவிட்டது. பழைய ஃப்ளாப்பியும் சிடியும் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆயிரக்கணக்கில் கோப்பு இருக்கும்.

கட்டளை வரியில் நின்று வேலை செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கேரளத்தின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள். என் மகன் வயது அவர்களுக்கு. சந்தோஷ் தோட்டிங்கலும் நிஷான் நசீரும் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவுக்காக 2008 வாக்கில் பய்யன்ஸ் என்றொரு நிரல் எழுதினார்கள். மலையாள எழுத்தாளர் வி.கே.என்.னின் கதாநாயகன் பெயர் அது. ஒரு கோப்பில் எழுத்துருவின் வரைபடம் இருக்கும்: இந்த ஆங்கில எழுத்துக்கு இந்த மலையாள எழுத்து என்று வரிக்கு ஒன்று. நிரல் அதை வைத்துக்கொண்டு பழைய கோப்பை யூனிகோடாக்கிவிடும். தமிழுக்கும் இதே உழைப்பைப் பலர் செய்திருக்கிறார்கள். சுரதாவின் பொங்குதமிழும் என்ஹெச்எம் மாற்றியும் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை தமிழ்ப் பக்கங்கள் இன்றும் ஊமையாகக் கிடந்திருக்கும்! சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டமே ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறி மாறித்தான் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது.

வரைபடம் இருந்தால் மாற்றம் எளிது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வேலையே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது. பழைய எழுத்துருக்களில் அப்படியே கொம்பு முதலிலும் ககரம் பிறகும் இருக்கும். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு அடுத்து. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். 'கொ' என்றால் முன்னே கொம்பு, பின்னே கால், இரண்டையும் பிடித்து ஒன்றாக்க வேண்டும். அதற்கு முன்னால் 'கெ' விதியை ஓட்டிவிட்டால் கால் தனியாக அநாதையாக நிற்கும். எந்த விதி முன்னே, எந்த விதி பின்னே என்ற வரிசையில்தான் பாதி அறிவு இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினம் ஔகாரம். அதன் வலப்பக்கச் சுழியும் ளகரமும் பார்க்க ஒன்றுதான். பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விசை. கொம்பு, ககரம், அந்தச் சுழி என்று மூன்றும் வரிசையாக வந்தால் அது 'கௌ'வா, 'கெள'வா? இதைக் கவனிக்காத மாற்றிகளால்தான் இணையம் முழுக்கக் கெளரவம், மெளனம், பெளர்ணமி, ஒளவையார் என்று கிடக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. மௌனம் என்று தேடுகிறவருக்கு மெளனம் என்று பதிந்த கட்டுரை இல்லாத கட்டுரைதான். சரி, கொம்பும் மெய்யும் ளகரமும் சேர்ந்து வந்தால் எல்லாவற்றையும் ஔகாரம் ஆக்கு என்று கட்டளை கொடுத்தால்? வெள்ளம் உடைந்துவிடும். தெளிவு உடைந்துவிடும். ஆயிரம் கோப்பிலும் ஒரே நொடியில் உடையும்.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி, சுழிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது. புள்ளியோ இகரக் குறியோ வேறு உயிர்க்குறியோ தொடர்ந்தால் அது ளகரம்: வெள்ளம், தெளிவு. ஒன்றும் ஒட்டாமல் வேறு மெய் தொடர்ந்தால் அநேகமாக ஔகாரம்: மௌனம், கௌரவம், சௌகரியம். அநேகமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த இரண்டாம் வகைச் சொற்களை எல்லாம் தனிக் கோப்பில் திரட்டி, அகரவரிசையில் அடுக்கி, ஒரு முறை கண்ணால் பார்த்த பிறகே மாற்றக் கட்டளை கொடுப்பேன். ஆயிரம் கோப்பிலும் சேர்த்து வேறுவேறு சொல் சில நூறுதான் தேறும். மாஷின் அடிக்கோல் நகர்ந்த வேகத்திலேயே என் கண்ணும் அதில் நகர வேண்டும். அங்கே அவசரப்படக் கூடாது.

மலையாளத்தில் இதைவிட நுட்பமான ஓர் இடம் உண்டு. ன், ர், ல் போன்ற மெய்யோசைகளுக்கு அதில் சில்லு என்ற தனி எழுத்துகள் இருக்கின்றன. 2008இல் யூனிகோடின் 5.1 பதிப்பு அவற்றுக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. அதுவரை மெய், சந்திரக்கலை, அதன்பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என்று மூன்றையும் அடுக்கித்தான் சில்லு வந்தது. கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று கண்ணுக்குத் தெரியாத குறிகளை எல்லாம் மொத்தமாக நீக்கிவிட்டால், சில்லு கலைந்து சந்திரக்கலை மட்டும் நிற்கும். 'அவன்' என்று இருந்தது 'அவனுக்கு' என்று பொருள்படும் சொல்லாகிவிடும். வந்தவன் பெறுகிறவனாகிறான். வாக்கியம் இலக்கணப் பிழையோடு நிற்கிறது, எந்தச் சோதனை நிரலும் அதைப் பிழை என்று சொல்லாது, இரண்டுமே அகராதிச் சொற்கள். ஒரு பத்திரத்திலோ உயிலிலோ இது நடந்தால் என்ன ஆகும்? ஆகவே முதலில் பழைய சில்லுகளைப் புதிய சில்லுகளாக மாற்ற வேண்டும். சுத்தம் செய்வது அதன் பிறகு.

இந்த மொத்தத் திருத்தத்துக்கான கருவிகளின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த கதை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் லீ மக்மான் என்பவருக்கு ஓர் ஆசை. 1787, 88இல் நியூயார்க் பத்திரிகைகளில் பப்ளியஸ் என்ற புனைபெயரில் ஹாமில்டன், மாடிசன், ஜே மூவரும் எழுதிய 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எது யார் எழுதியது என்று சொற்களை வைத்து ஆராய நினைத்தார். கட்டுரைகள் அன்றைய திருத்தி நிரலுக்குள் அடங்கவில்லை. கென் தாம்சன் அந்தத் திருத்தியிலிருந்து தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து கிரெப் என்று கொடுத்தார். தேடுவது கிடைத்தால் மாற்றுவதும் வேண்டுமே! மக்மானே செட் என்ற நிரலை எழுதினார். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் வரி வரியாக வழியவிட்டு, சொன்ன மாற்றத்தைச் செய்து வெளியே அனுப்பும் நிரல். இன்றும் என் மேசையில் தினமும் ஓடுவது அதன் வழித்தோன்றல்தான். ஒரு பழைய எழுத்தை நெருங்கி வாசிக்க விரும்பிய மனிதருக்காகப் பிறந்த கருவி அது என்பதை என்னிடம் பழக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன்.

அவர்களுக்கு நான் கற்றுத்தரும் இன்னொன்று தொலைபேசி எண் விவகாரம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் தரைவழித் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 2 சேர்ந்தது. கொச்சியின் ஆறிலக்க எண் ஏழிலக்கமானது. ஊரில் உள்ள கடைகளின் அட்டை, பில், கடிதத் தலைப்பு, விலைப்பட்டியல் எல்லாம் மாற வேண்டும். 'ஆறு இலக்கம் சேர்ந்தாற்போல் வந்தால் முன்னால் 2 போடு' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம், பார்க்கச் சரியாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முகவரியின் கீழும் இன்னோர் ஆறிலக்கம் இருக்கிறது. மட்டாஞ்சேரிக்கு 682002, தோப்பும்படிக்கு 682005. அஞ்சல் குறியீட்டின் முன்னால் 2 போய் உட்கார்ந்தால் கடிதம் எங்கே போகும்? ஆக, ஃபோன் என்ற சொல்லுக்கோ கொச்சியின் தொலைபேசிக் குறியீடான 0484க்கோ பின்னால் வரும் ஆறிலக்கத்தை மட்டும் தொடு என்று விதியைக் குறுக்க வேண்டும். தேடல் வரியைப் பையன்கள் வேகமாக எழுதிவிடுகிறார்கள். 'இதில் தப்பாகச் சிக்கக்கூடியது என்ன?' என்று கேட்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து யோசிக்க வைப்பதுதான் சிரமம்.

பெயர் மாற்றமும் அப்படித்தான். 1996இல் கொச்சின் அதிகாரப்பூர்வமாகக் கொச்சி ஆனது. ஊர்ப் பெயரை மாற்று என்றால் எல்லா இடத்திலும் மாற்றிவிட முடியாது. கப்பல் கட்டும் தளம் இன்றும் கொச்சின் ஷிப்யார்டுதான், பல்கலைக்கழகம் கொச்சின் பல்கலைக்கழகம்தான், தேவஸ்வம் போர்டும் கொச்சின் தேவஸ்வம் போர்டுதான். 1950இல் எழுதிய கடிதத்தில் கொச்சின் என்றிருந்தால் அது கொச்சின் என்றே இருக்க வேண்டும். அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

நம் மொழிகளில் சொல்லின் எல்லையைக் கணினிக்குச் சொல்வதும் பாடுதான். ஆங்கிலத்துக்கு எழுதிய பல நிரல்கள் நம் உயிர்க்குறிகளைச் சொல்லின் உறுப்பாகவே எண்ணுவதில்லை. 'பல' என்பதைத் தேடினால் பலியும் பலாவும் அகப்படும். பணி என்பதை எல்லாம் வேலை என்று மாற்றச் சொன்னால் பணிவு போய்விடும், கேரளத்துப் பணிக்கர் எல்லாரும் தங்கள் பெயரை இழப்பார்கள். மாறப்போகும் ஒவ்வொரு வரியையும் இருபக்கச் சொற்களோடு சேர்த்து முதலில் பட்டியலாக எடுத்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு நல்ல வழி தெரியாது. கோப்புறையைப் பிரதி எடுத்து வைக்கிறேன். பத்துக் கோப்பில் ஓட்டுகிறேன். டிஃப் போட்டு முன்னது பின்னது பார்க்கிறேன். மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் நிரலில் பதிகிறேன். பிறகுதான் எல்லாவற்றிலும்.

அப்போது ஓர் எழுத்தைப் பிடுங்கிச் செருகுவதற்குத்தான் உழைப்பு வேண்டியிருந்தது. இப்போது செருகுவதற்கு நேரமே ஆவதில்லை, வாசிப்பதற்குத்தான் முழு நாளும் போகிறது. ஆனால் கணினி வந்ததும் ஊரில் பல அச்சகங்கள் முதலில் நிறுத்தியது மெய்ப்புப் பார்ப்பவரைத்தான். திரையில் ஆள் அடிக்கிறான், திரையிலேயே பார்த்துக்கொள்வான் என்றார்கள். ஒரு தப்பு ஒரு ஃபாரத்தோடு நின்ற காலத்தில் மாஷ் இருந்தார். ஒரு தப்பு ஆயிரம் கோப்புக்குப் பரவும் காலத்தில் அந்த நாற்காலி காலி. இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. மாற்று வேலைக்கு விலை பேச வருகிறவர்களிடம் வாசிப்புக் கூலியைத் தனியாகக் கேட்கிறேன். கணினிதானே செய்கிறது என்பார்கள். வாசிக்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் கேஸைக் காட்டிக் கையை விரித்த அந்தக் கம்பாசிட்டருக்கு ஒன்றைக் காட்ட எனக்கு ஆசை உண்டு. 1999இல் சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைனும் ரசனா என்ற இயக்கத்தைத் தொடங்கி, மலையாளத்தின் பழைய லிபி முழுவதற்கும் எழுத்துரு செய்தார்கள். யூனிகோடு எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. எந்த எழுத்து என்பதை மட்டும் சேமிக்கிறது. ககரமும் உகரமும் கோப்பில் இருக்கின்றன. அவை ஒட்டி நிற்க வேண்டுமா, பிரிந்து நிற்க வேண்டுமா என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். 1971இல் பாடநூலும் கேஸும் தட்டச்சுப் பொறியும் சேர்ந்து மாறி, ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றிய சீர்திருத்தம் அது. இன்று கோப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் அதை முன்னும் பின்னும் நகர்த்தலாம். 2022இல் கேரள அரசே பழைய லிபியின் ஒரு பகுதியை மறுபடி ஏற்க முன்வந்தது. நமது பழைய லையும் ணையும் அப்படித்தான். அந்த வடிவம் தரும் எழுத்துரு இருந்தால் அதே கோப்பிலிருந்து வரும்.

சென்ற உற்சவத்துக்கு ஒரு கோயில் கமிட்டியிலிருந்து வந்தார்கள். மூத்தவர் ஒருவர் பழைய லிபியில் நோட்டீஸ் வேண்டும் என்றார். எழுத்துருவின் பெயரை மாற்றி அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. உட்கார்ந்து விரலை வைத்து முதல் வரியிலிருந்து வாசித்தார். வழிபாடு நடத்தும் குடும்பங்களின் பட்டியலில் ஒரு வீட்டுப் பெயரில் விரல் நின்றது.

"இந்த வீட்டுப் பேரு இப்படி இல்லையே."

தேடிப் பார்த்ததில் அந்தப் பெயர் பல ஆண்டு நோட்டீஸ்களில் அதே பிழையோடு இருந்தது. எப்போதோ தட்டச்சில் விழுந்து, வருஷா வருஷம் பிரதியாகி வந்திருக்கிறது. அத்தனையையும் ஒரே வரியில் திருத்திவிடலாமா என்று கூட இருந்த இளைஞர் கேட்டார். அவை அச்சாகி வீடு வீடாகப் போன தாள்களின் கோப்பு, அன்று மக்கள் கையில் இருந்தது எதுவோ அதுவேதான் இருக்க வேண்டும் என்றேன். பெரியவரும் அதையே சொன்னார். இந்த ஆண்டு நோட்டீஸில் மட்டும் திருத்தினோம். அடுத்த ஆண்டுக்கான மாதிரிக் கோப்பிலும் திருத்தி, எந்த ஆண்டிலிருந்து மாறியது என்று தலையில் ஒரு வரி எழுதி வைத்தேன். பிறகு அவர் மீதிப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். நான் பழைய பிரதியை எடுத்து அவருக்கு உரக்க வாசித்தேன், எழுத்து எழுத்தாக.